விற்ற பெயரும் விற்க முடியாத பெயரும்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் கோட்டுச்சேரி வரும். மேலும் வடக்கே போய் நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1954இல் திரும்பி வந்த இந்தச் சிறு நிலப்பகுதியில் ஆட்சி மாறிய அளவுக்குக் காது மாறவில்லை. திருமணமோ, கோயில் கொடியேற்றமோ, ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவோ, எதுவானாலும் நாகஸ்வரம் ஒலித்தாக வேண்டும் என்று எண்ணும் தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களைச் சொன்னாலே வித்வான்களின் பெயர்களில் பாதி வந்துவிடும்: செம்பனார்கோயில், திருவெண்காடு, திருவீழிமிழலை, திருவாவடுதுறை.

இவ்வரிசையில் ஓர் ஊர் மட்டும் வாசித்தவர்களைவிடச் செய்தவர்களால் பெயர் பெற்றது. மயிலாடுதுறையைத் தாண்டிக் கும்பகோணம் போகும் வழியில், குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் இடையில் இருக்கும் நரசிங்கம்பேட்டை. ரயிலில் செல்பவர்கள் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய சிறிய நிலையம். தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் கடையும் ஆசாரிக் குடும்பங்கள் அங்கே உண்டு. 2022இல் 'நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம்' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாள்கள் இரண்டு நாள் கொண்டாடின. பிறகு வழக்கம்போல மறந்தன.

ஒரு கைவினைஞனுக்குப் பெயர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கவனம் சற்றும் எதிர்பாராத இடத்துக்குப் போயிற்று: அமெரிக்கக் கிதார்த் தொழிலின் வரலாறு. இலக்கியம் பேசும் பக்கத்தில் கிதார்க் கம்பெனிகளுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கருவி செய்பவனின் பெயர் அவன் கையைவிட்டுப் பிரிந்து தனியே நடக்கத் தொடங்கினால் என்னென்ன நேரும் என்பதை அவ்வரலாற்றைப்போலத் துலக்கமாகக் காட்டும் வேறொன்றை நாங்கள் அறியோம். பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம், நரசிங்கம்பேட்டைக்குத் திரும்பிவிடுவோம்.

ஆர்வில் கிப்சன் என்பவர் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் செருப்புக் கடையில் எழுத்தராக வேலை பார்த்தவர். மாண்டலின்களும் கிதார்களும் செய்வதில் அவருக்கு ஈடுபாடு. வயலினுக்குச் செய்வதுபோல மேற்பலகையை வளைவாகச் செதுக்கி எடுப்பது அவருடைய முறை. 1898இல் தம் மாண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்க ஒருவர் கை போதவில்லை. 1902இல் உள்ளூர் வியாபாரிகள் ஐவர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். காப்புரிமைக்கு விலையாக ஆர்விலுக்கு 2,500 டாலர் கொடுத்தார்கள். அவர் பெயரையே கம்பெனிக்கும் வைத்தார்கள். அந்த ஐவரில் அவர் இல்லை. 1918இல் அவர் இறந்தபோது, அவர் பெயர் பொறித்த கருவிகளை அவர் முகத்தையே பார்த்திராத பலர் செய்துகொண்டிருந்தார்கள்.

இதனால் தரம் உடனே கெட்டுவிட்டது என்று சொல்ல வந்தோமில்லை. உண்மையில் கிப்சன் கம்பெனியின் மிகச் சிறந்த கருவிகள் ஆர்வில் போன பிறகுதான் வந்தன. பெயர் மனிதனை விட்டுப் பிரிந்ததே தவிர, பட்டறையை விட்டுப் பிரியவில்லை. 1917இல் கலமசூவின் பார்சன்ஸ் தெருவில் கட்டிய தொழிற்சாலையில் மரத்தைத் தட்டிப் பார்த்தே குணம் சொல்லக்கூடிய கைகள் இருந்தன. தந்தைக்குப் பின் மகன் என்று வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். பெயருக்கும் கைக்கும் இடையே ஒரு தெருவின் தூரம் மட்டுமே.

தூரம் எப்படி வளர்ந்தது என்பதை அறிய இன்னொருவரையும் பார்க்க வேண்டும். லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர், கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. வாசிப்பவர்களை அழைத்துவந்து கையில் கொடுத்து, அவர்கள் முகம் சுளித்த இடத்தையெல்லாம் திருத்தித் திருத்தியே டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் முதலிய மின்கிதார்களை 1950களில் உருவாக்கினார். உடல்நலம் குன்றியதாலும் தொழில் கைமீறி வளர்ந்ததாலும் 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்னும் பெரும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு அதை விற்றார். அக்காலத்தில் அதே நிறுவனம் நியூயார்க் யாங்கீஸ் என்னும் புகழ்பெற்ற பேஸ்பால் அணியை வாங்கக் கொடுத்த தொகையைவிட இது அதிகம்!

அடுத்த இருபதாண்டுகளில் நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கிதார் வாங்குபவர்களின் மொழியே சொல்லிவிட்டது. 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது' என்பது பழைய கிதார்ச் சந்தையில் ஒரு தர முத்திரையாகவே ஆயிற்று. ஒரு முதலாளி வந்து சேர்ந்த தேதிக்கு முன் செய்யப்பட்டது என்பதற்காகவே மக்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்றால், அந்த முதலாளியைப் பற்றி வேறு விமர்சனம் எதற்கு? சிபிஎஸ் 1972இல் ஸ்டைன்வே பியானோவையும் வாங்கியது. 1985இல் இசைக்கருவிகளே வேண்டாமென்று கைகழுவியபோது ஃபெண்டரை அதன் ஊழியர்கள் சிலரே சேர்ந்து 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். இருபதாண்டு விலைவாசி உயர்வுக்குப் பின் வாங்கிய விலையைவிடக் குறைந்த விலைக்கு விற்ற கணக்கு இது. லியோ ஃபெண்டரோ வேறு பெயரில் இன்னொரு சிறு கம்பெனி தொடங்கி, 1991இல் இறக்கும்வரை பட்டறையில் உட்கார்ந்து கிதாரைத் திருத்திக்கொண்டிருந்தார். தம் சொந்தப் பெயரைக் கிதாரின் தலையில் போடும் உரிமை அவரிடம் இல்லை.

கிப்சனுக்கு வந்தது இன்னும் விநோதமான எசமானர். 1969இல் அதன் தாய் நிறுவனத்தை வாங்கியவர்கள் ஈக்வடார் நாட்டில் பீர் வடிப்பும் சிமெண்டும் நடத்திவந்த கம்பெனிக்காரர்கள். பிறகு நார்லின் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிக் கிதாரின் உடலைச் செய்யும் முறை அக்காலத்தில் வந்தது. எடை கூடியது, ஓசை மந்தமாயிற்று என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டார்கள். 1970களின் நடுவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் புதிய ஆலை திறந்தார்கள். 1984இல் கலமசூ ஆலையை மூடினார்கள். பெயர் தெற்கே போயிற்று. போக மறுத்த தொழிலாளர்கள் சிலர் 1985இல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில், விட்டுப்போன இயந்திரங்கள் சிலவற்றையும் வாங்கி, ஹெரிடேஜ் என்ற பெயரில் கிதார் செய்யத் தொடங்கினார்கள். கை ஓரிடத்திலும் பெயர் ஓரிடத்திலுமாகப் பிரிந்ததை இதைவிட நேராகக் காட்ட ஒரு நாவலாசிரியனாலும் முடியாது.

குடும்பத்துக்குள்ளேயே தங்கிய பெயரும் பெருக்கத்தின் ஆசைக்குத் தப்பவில்லை. 1833இல் தொடங்கிய மார்ட்டின், நிறுவியவரின் வழித்தோன்றல்களிடமே இருந்துவந்த கம்பெனி. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் தந்திக் கம்பெனி, முரசுக் கம்பெனி, பாஞ்சோக் கம்பெனி, சுவீடனில் ஒரு கிதார்க் கம்பெனி என்று வாங்கிக் குவித்தது. 1971இல் ஆண்டுக்கு 22,000க்கும் மேல் கிதார் செய்த மார்ட்டின் 1980களின் தொடக்கத்தில் சுமார் 3,000க்கு இறங்கியது. வாங்கியவற்றை உதறிவிட்டு மறுபடி கிதார் மட்டும் செய்யத் தொடங்கிய பிறகே மீண்டது.

பெரியவர்கள் இப்படித் தடுமாறிய இடைவெளியில்தான் சிறியவர்கள் முளைத்தார்கள். கருவி செய்பவரைப் பிரெஞ்சில் 'லுத்தியே' என்பார்கள். காரைக்கால்காரர்களாகிய நாங்கள் அச்சொல்லை 'ஆசாரி' என்று மொழிபெயர்க்கத் தயங்கமாட்டோம். 1970களில் இருவரும் மூவருமாகச் சேர்ந்து ஆண்டுக்குச் சில டசன் கிதார்கள் மட்டும் செய்யும் ஆசாரிகள் அமெரிக்கா முழுவதும் தோன்றினார்கள். பழைய மார்ட்டினையும் பழைய கிப்சனையும் பிரித்துப் பார்த்து, அளந்து, அவற்றைச் செய்த நிறுவனங்களே மறந்துவிட்ட வேலையை இவர்கள் மீட்டெடுத்தார்கள். மேரிலாந்து மாநிலத்தில் 1985இல் கம்பெனி தொடங்கிய பால் ரீட் ஸ்மித் அவர்களில் ஒருவர். அவருடைய ஒரு கிதாரின் உருவம் தன்னுடைய லெஸ் பால் கிதாரின் உருவத்தை ஒத்திருக்கிறதென்று கிப்சன் 2000இல் வழக்குப் போட்டது. 2004இல் கீழ் நீதிமன்றம் கிப்சன் பக்கம் நின்று விற்பனையைத் தடுத்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2006இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஸ்மித்தின் கம்பெனியும் பின்னாளில் பெருத்து, ஆசிய நாடுகளில் மலிவு வரிசை செய்யத் தொடங்கியது என்பதையும் சொல்லிவைக்கிறோம். ஆசாரியாகத் தொடங்கியவர் எந்தக் கிதாரில் பெருநிறுவனம் ஆகிறார் என்று கணக்கிடுவது எளிதன்று.

வழக்குப் போட்ட கிப்சன் அப்போது யாரிடம் இருந்தது? 1986இல் ஹென்றி ஜஸ்கெவிச் என்பவரும் கூட்டாளிகளும் 50 லட்சம் டாலருக்கு அதை நார்லினிடமிருந்து மீட்டிருந்தார்கள். மூடும் நிலையில் இருந்த கம்பெனியை நிமிர்த்தியவர் அவர்தான்; அந்தப் புகழை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நிமிர்த்தியவருக்குக் கிதார் போதவில்லை. இசை சார்ந்த 'வாழ்க்கைமுறை' நிறுவனமாக அது ஆக வேண்டும் என்று விரும்பினார். ஒலிபெருக்கிக் கம்பெனிகள், ஜப்பானிய ஒலிக்கருவிக் கம்பெனிகளில் பங்குகள், ஒலிப்பதிவு மென்பொருள் செய்த கேக்வாக் என்று வாங்கினார். 2014இல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் வீட்டு ஒலிக்கருவிப் பிரிவைக் கடன்பட்டு 13 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2015ஆம் ஆண்டுக் கிதார்களில் தானாகவே சுருதி கூட்டிக்கொள்ளும் இயந்திரத்தை ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொருத்தி விலையையும் ஏற்றினார். வாடிக்கையாளர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். சுருதி சேர்ப்பது வித்வானுக்குச் சுமை என்று நினைத்தவர் வித்வானை அறியாதவர். 2018 மே 1 அன்று, 50 கோடி டாலர் வரையிலான கடனுடன், கிப்சன் திவால் மனு கொடுத்தது. கிதார்ப் பிரிவு அப்போதும் இலாபத்தில் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அவ்வாண்டு இறுதியில் கேகேஆர் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் பிடியில் அது வெளியே வந்தது.

பெயரைப் பல தொழில்களுக்குப் பரப்புவதே தவறு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். யமஹா என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளின் சத்தம்தான். அதன் முத்திரையில் மூன்று இசைக்கவைகள் குறுக்கிட்டுக் கிடப்பதை வண்டி ஓட்டியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ! தொரகுசு யமஹா 1887இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தைப் பழுது பார்த்ததில் தொடங்கியது அந்நிறுவனம். 1955இல் மோட்டார் சைக்கிளுக்கு என்று தனி நிறுவனமே பிரித்துவிட்டார்கள். ஒன்றின் கடன் மற்றொன்றின் பட்டறைக்குள் வராது. அதே யமஹா 2019இல் சென்னைக்கு அருகே ஓர் ஆலை திறந்து, கீபோர்டுகளோடு கிதார்களையும் செய்யத் தொடங்கியது. தமிழ்நாட்டில் செய்த கிதார் என்று இனி யாராவது சொன்னால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதற்கு முன் நம் கல்லூரி விடுதிகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் இருந்தவற்றில் பல கல்கத்தாவில் செய்தவை. அவற்றுள் ஒன்றின் பெயர் 'கிவ்சன்'. ஓர் எழுத்தை மாற்றினால் ஓர் ஆலையே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் ஆர்விலை விட்டுப் பெயர் பிரிந்த அன்றே, அது யார் வேண்டுமானாலும் சாயலெடுக்கக்கூடிய பொருளாகிவிட்டது என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

கிதாருக்கும் நமக்கும் இன்னொரு உறவு மரத்தின் வழியாக வருகிறது. பிரேசில் நாட்டு நூக்கு மரம் அரிதானபோது மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய மரத்துக்கு மாறியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் கர்நாடக மலைகளிலும் வளரும் ஈட்டி, தோதகத்தி என்றும் நம்மவர் சொல்லும் மரம்தான் அது. அன்றுமுதல் உலகத்தின் நல்ல கிதார்கள் பலவற்றின் முதுகும் விலாவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போனவை. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் சோதனை போட்டு மரத்தைக் கைப்பற்றியது இந்த இந்திய மரத்தின் பொருட்டே: இந்தியாவின் ஏற்றுமதிச் சட்டம் முழுதாக வேலை முடியாத மரத்தை அனுப்பத் தடை விதிக்கிறது, விரற்பலகைக்காக அறுத்த துண்டு வேலை முடிந்ததா முடியாததா என்பது வாதம். 2012இல் சமரசம் ஏற்பட்டது. மடகாஸ்கரின் கருங்காலி தொடர்பாகக் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. திரும்பிவந்த மரத்தில் 'கவர்ன்மெண்ட் சீரிஸ்' என்று தனி வரிசைக் கிதார் செய்து விற்றார்கள். போலீஸ் சோதனையையும் முத்திரையாக்கி விற்கத் தெரிந்த கம்பெனி, ஏழாண்டுக்குள் திவாலானது.

மரத்தைப் பற்றிப் பேசியாயிற்று. இனி நரசிங்கம்பேட்டைக்குள் நுழையலாம்.

நாகஸ்வரத்துக்கு ஆகிவந்த மரம் ஆச்சா. புதிதாய் வெட்டிய ஆச்சா உதவாது. ஈரம் முற்றிலும் வற்றி, பருவங்கள் பல கண்டு, இனிமேல் சுருங்கவோ விரியவோ எதுவும் மிச்சமில்லாத மரம் வேண்டும். அத்தகைய மரம் எங்கே இருக்கிறது? பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும். முக்கால் நூற்றாண்டு, ஒரு நூற்றாண்டு நின்ற வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஆசாரிகள் போய் மரத்தை விலை பேசி வாங்கிவருவார்கள். டெல்டாவின் ஓட்டு வீடுகள் சிமெண்டு வீடுகளாக மாறிய வேகத்தில் ஒருகாலத்தில் இம்மரம் தாராளமாகக் கிடைத்திருக்க வேண்டும். இடிக்க வேண்டிய வீடுகள் குறையக் குறைய மரமும் குறையும். கிப்சனின் மரம் கப்பலில் சட்டத்தோடு போராடிப் போய்ச் சேர்ந்தது. நரசிங்கம்பேட்டையின் மரம் யாரோ ஒருவருடைய பாட்டனாரின் திண்ணையிலிருந்து வருகிறது.

கட்டையைக் கடைசலில் ஏற்றி உருட்டி, உள்ளே மேலிருந்து கீழாக அகன்றுகொண்டே போகும்படி குடைந்து, விரல்களுக்கு ஏழு துளையும் அடிப்பக்கம் ஐந்து துளையும் போட வேண்டும். அடியில் உள்ள ஐந்தை வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. தேவைக்கேற்ப மெழுகால் அடைத்து சுருதியைச் சரிசெய்வார்கள். கீழே அணசு, மேலே கெண்டையில் செருகிய சீவாளி. சீவாளிக்கு உதவும் கொறுக்கைத் தட்டை காவிரிக் கரைச் செடி. சீவாளி செய்பவர்கள் பக்கத்துத் திருவாவடுதுறையில் இருந்தார்கள். மரம் ஓர் ஊர், நாக்கு ஓர் ஊர், வாசிப்பவர் இன்னோர் ஊர். எல்லாம் ஒரு நாளில் நடந்து திரும்பும் தொலைவுக்குள்.

இந்த நெருக்கத்தில்தான் பாரி நாகஸ்வரம் இன்றைய வடிவத்தைப் பெற்றது. முன்பு பெருவழக்காக இருந்த திமிரி நாகஸ்வரம் குட்டையானது, ஓசை கூர்மையானது, சுருதி உயர்ந்தது. சுவாமி புறப்பாட்டை நான்கு வீதிக்கு அப்பாலும் கேட்கச் செய்ய ஏற்ற கருவி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தேடியது வேறு. இராகத்தை மணிக்கணக்கில் விரித்துச் செல்ல நீண்ட குழலும் தாழ்ந்த சுருதியும் வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட குழலில் சுத்த மத்தியமம் சண்டித்தனம் செய்யும். உதட்டாலும் விரலாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளையின் இடத்தையும் குடைவின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அந்த ஸ்வரம் தானே சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். பிள்ளைவாள் கையாண்டதை மற்ற வித்வான்களும் கேட்டார்கள். சில பத்தாண்டுகளில் திமிரி ஒதுங்கி, பாரியே நாகஸ்வரம் என்றாயிற்று. ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்த்தவர் செய்ததும் இதே வேலைதான். ஆனால் லியோ ஃபெண்டரின் பெயர் உலகமெங்கும் கிதாரின் தலையில் இருக்கிறது. ரங்கநாதன் ஆசாரியின் பெயரை வித்வான்களும் சில இசை ஆர்வலர்களும் தவிர யார் அறிவார்?

எங்கள் இலக்கியமும் இதில் பாராமுகமாகவே இருந்திருக்கிறது. கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளில் நாகஸ்வர வித்வானுக்குக் கிடைத்த காவிய இடத்தை நாம் அறிவோம். 1968இல் படமாக வந்தபோது திரைக்குப் பின்னால் வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களையும் ரசிகர்கள் அறிவார்கள். அந்தக் குழலைக் கடைந்தவரை மையமாக வைத்த தமிழ்க் கதை ஒன்றைச் சொல் என்று கேட்டால் எங்களுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாசகர்கள் யாருக்கேனும் தெரிந்தால் எழுதலாம்.

நரசிங்கம்பேட்டையை நெருக்கியது எந்தப் பெருநிறுவனமும் இல்லை என்பதே இங்குள்ள பெரிய வேற்றுமை. நாகஸ்வரத்தை ஆலையில் வார்த்து விற்க எந்த யமஹாவும் வரவில்லை. வந்தது வேறு வழியில். முதலில் போனது ஒத்து. மேளத்தோடு கூட நின்று ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுபவருக்கு ஒத்துக்காரர் என்று பெயர். அவர் கையிலிருந்ததும் ஆசாரி கடைந்த குழல்தான். 1979இல் பெங்களூரில் தொடங்கிய ராடெல் முதலான நிறுவனங்கள் மின்னணு சுருதிப் பெட்டியைப் பரப்பியபின், கைக்கு அடக்கமான பெட்டி ஒன்று ஒத்துக்காரரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு குழல் குறைந்தது. பிறகு மணியும் முரசும் தானே அடிக்கும் மின்சாரப் பொறி சிறிய கோயில்களுக்கு வந்தது. நாளடைவில் கல்யாண ஊர்வலங்களில் கேரளத்துச் செண்டை மேளம் புகுந்தது. செண்டைக்காரர்களைக் குறை சொல்லும் எண்ணமில்லை, அவர்களும் கைத்திறன் உள்ளவர்களே. கோட்டுச்சேரியிலும் முகூர்த்த நாளில் மண்டப வாசலில் ஒலிபெருக்கியின் சத்தத்துக்கு நடுவே நாகஸ்வரம் கெட்டிமேள நேரத்துக்கு மட்டும் தேவைப்படுவதாக ஆகிவிட்டது. ஊர் நிறைய இருந்த பட்டறைகள் சுருங்கி, இன்று சில குடும்பங்களே இத்தொழிலைத் தொடர்கின்றன.

இந்த நிலையில் வந்ததுதான் 2022இன் புவிசார் குறியீடு. இதற்கு முன் 2013இல் தஞ்சாவூர் வீணை அதைப் பெற்றிருந்தது. எங்களை வியக்கவைத்தது அந்தச் சட்டத்தின் ஒரு விதி. 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதிவான குறியீட்டின் உரிமையை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடகு வைக்கவோ, ஈடு காட்டவோ கூடாது என்கிறது. ஆர்வில் கிப்சன் 1902இல் செய்ததை நரசிங்கம்பேட்டை ஆசாரி விரும்பினாலும் செய்ய முடியாது. ஈக்வடார் பீர்க் கம்பெனி வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது. பெயரைக் கடனுக்கு ஈடாக வைத்துத் திவாலாகும் வாய்ப்பும் இல்லை. பெயர் நிலத்தோடு கட்டப்பட்டது. நிலத்தில் கை இருக்கும்வரை பெயரும் இருக்கும். டெல்டாவில் இது புதிய யோசனையும் அன்று. தன் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சுமந்த எந்த வித்வானும் அந்த ஊரை விற்கவில்லை.

ஆனால் விற்க முடியாத பெயருக்கு முதலும் கிடையாது. ஹெரிடேஜ் தொழிலாளர்களுக்கு ஒரு கட்டடமும் இயந்திரங்களும் மிஞ்சின. நாடு முழுவதும் பழைய கிப்சனுக்காக ஏங்கிய, கையில் பணமுள்ள வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பெருநிறுவனம் தடுமாறிய இடைவெளி அவர்களுக்குச் சந்தையாக மாறியது. நரசிங்கம்பேட்டைக்கு அப்படித் தடுமாற ஒரு பெரியவன் இல்லை. கிப்சன் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து வளர்த்த ஆசையைச் சிறு ஆசாரிகள் அறுவடை செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்; பெருநிறுவனத்தைத் திட்டுபவர்கள் இந்தக் கடனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாகஸ்வரத்தின் மேல் ஆசையை வளர்க்க யாரும் செலவு செய்யவில்லை. கோயிலும் மடமும் மிராசுதாரும் ஒருகாலத்தில் செய்தார்கள்.

குறியீட்டின் பலன் தானாகவே வந்துவிடுவதுமில்லை. சட்டப்படி ஒவ்வொரு கைவினைஞரும் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவேடு சென்னைக் கிண்டியில் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போலி நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் செய்து விற்பவன் பெரும் பணம் சம்பாதிக்கும் காலம் வந்தால் இந்தப் பாதுகாப்பு மிகவும் உதவும். அப்படிப் போலி செய்யத் தூண்டும் அளவுக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

தேவையை உண்டாக்கக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், நம் கண்ணுக்கு எதிரே சிலர் இருக்கவே செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் நாகஸ்வரமும் தவிலும் கற்பிக்கின்றன. அங்கே சேரும் மாணவன் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அல்லன். நல்ல ஆச்சாக் குழல் வாங்க அவனால் முடியாது. எங்கள் பக்கத்தில் திருநள்ளாறு இருக்கிறது. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அந்தக் காணிக்கையில் ஒரு சிறு பங்கைக் கொண்டு ஆண்டுக்குப் பத்து நாகஸ்வரம் நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லிவைத்து, கற்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் எந்த ஆகமமும் தடுக்காது. சொல்லும்போது ஒரு நிபந்தனையும் போட வேண்டும்: குழலை வாங்கும் பிள்ளை, துளை போடும் நாளில் பட்டறையில் உடன் உட்கார்ந்து ஊதிக் காட்ட வேண்டும்.